ஒரே பக்கத்தில் திட்டச் சாசனம்: எதை எழுதுவது, எதை விடுவது?

கேள்வி: ஒரு திட்டத்துக்கு ப்ராஜெக்ட் சார்ட்டர் (திட்டச் சாசனம்) எழுதும்படி முதன்முறையாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அலுவலகத்தில் இருக்கும் டெம்ப்ளேட் பதினான்கு பக்கம். மேலதிகாரியோ சுருக்கமாகவும் தெளிவாகவும் வேண்டும் என்கிறார். எதை வைப்பது, எதை நீக்குவது? யார் கையெழுத்திட வேண்டும்?

பதில்:

டெம்ப்ளேட்டை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுங்கள். அதைச் சுருக்கி ஒரு பக்கமாக்க முயன்றால், பதினான்கு பக்கங்களில் பரவியிருந்த மங்கல் அப்படியே ஒரு பக்கத்துக்குள் வந்து அடைந்துகொள்ளும். நான் படித்த நீளமான சாசனங்களில் பெரும்பாலானவை நீண்டதற்குக் காரணம் ஒன்றுதான்: எழுதியவர் கையில் முடிவுகள் இல்லை. யார் பொறுப்பு என்று தெரியாதபோது "தொடர்புடைய அனைத்துத் துறைகளின் ஒருங்கிணைந்த பங்களிப்புடன்" என்று எழுத வேண்டியிருக்கிறது. எப்போது முடியும் என்று யாரும் சொல்லாதபோது அரைப் பக்கத்துக்குக் 'கட்டங்கள்' முளைக்கின்றன. முடிவு எடுக்கப்பட்டிருந்தால் அதைச் சொல்ல ஒரு வரி போதும். ஆகவே உங்கள் வேலையில் எழுதுவது பாதிதான். மற்ற பாதி, சிலரிடம் போய் உட்கார்ந்து பதில் வாங்குவது. கடினமானது அதுதான்.

முதலில் இந்த ஆவணம் எதற்கு என்பதில் தெளிவாக இருப்போம். 1969-இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட் பிஎம்பாக் என்ற தன் திட்ட மேலாண்மை வழிகாட்டியில் தரும் விளக்கத்தின் சாரம் இது: திட்டத்தைத் தொடங்குபவரோ ஸ்பான்சரோ (பணமும் ஆட்களும் ஒதுக்குபவர்) வெளியிடும் ஆவணம், திட்டம் ஒன்று இருக்கிறது என்று முறைப்படி அங்கீகரிக்கிறது, நிறுவனத்தின் வளங்களைப் பயன்படுத்தும் அதிகாரத்தைத் திட்ட மேலாளருக்குத் தருகிறது. இதில் கால அட்டவணை, வேலைப் பகுப்பு, தகவல் தொடர்புத் திட்டம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். சாசனம் ஓர் அனுமதிப் பத்திரம். திட்டமிடல் அனுமதி கிடைத்த பிறகு வருவது. உங்கள் டெம்ப்ளேட்டில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் கலந்து வைத்திருக்கும் என்பது என் ஊகம்.

கலப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இணையத்தில் கிடைக்கும் டெம்ப்ளேட்டுகள் குறைந்தது மூன்று மரபுகளிலிருந்து வருகின்றன. ஒன்று, மேலே சொன்னது. இரண்டாவது, பிரிட்டனில் உருவான பிரின்ஸ்2 முறை. அதில் 'ப்ராஜெக்ட் பிரீஃப்' என்ற சிறு ஆவணம் முதலில் வரும், அது வளர்ந்து பிறகு விரிவான தொடக்க ஆவணத் தொகுப்பாக மாறும். மூன்றாவது, சிக்ஸ் சிக்மா. அங்கே சாசனம் என்பது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒரு செயல்முறையின் குறையைச் சரிசெய்யும் குழுவுக்கானது, ஆகவே பிரச்சினைக் கூற்றும் அளவீட்டு இலக்கும் அதன் மையம். யாரோ ஒருவர் மூன்றையும் ஒட்டிவைத்து எல்லாக் கட்டங்களையும் நிரப்பச் சொல்லியிருப்பார். நிரப்ப வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. எந்த மரபானாலும், ஏழு விஷயங்கள் பதிலாகிவிட்டால் சாசனம் முடிந்தது: ஏன், எதை அடைய, எப்போது முடிந்ததாகக் கொள்வது, எது உள்ளே எது வெளியே, எவ்வளவு, யாருக்கு என்ன அதிகாரம், எது கெடுக்கக்கூடும்.

எழுத உட்காரும் முன் ஸ்பான்சரிடம் முக்கால் மணி நேரம் கேளுங்கள். ஸ்பான்சர் என்பவர் பணத்தையும் ஆட்களையும் ஒதுக்கக்கூடியவர், திட்டம் தோற்றால் மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டியவர். அப்படி ஒருவர் இல்லையென்றால் சாசனம் எழுதுவதில் பொருளே இல்லை. முதலில் அவரைக் கண்டுபிடிக்க வேண்டும். அவரிடம் "உங்கள் எதிர்பார்ப்பு என்ன?" என்று கேட்காதீர்கள், பொத்தாம்பொதுவான பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: இதைச் செய்யாமல் ஓராண்டு விட்டுவிட்டால் என்ன ஆகும்? முடிந்த மறுநாள் எதைப் பார்த்து 'ஆம், முடிந்தது' என்பீர்கள்? தேதி, பணம், எல்லை (எவ்வளவு வேலையைச் செய்வது) மூன்றில் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும் என்றால் எதை விடுவீர்கள்? எந்த விஷயத்தை நான் உங்களைக் கேட்காமல் முடிவு செய்யக்கூடாது? யார் இந்தத் திட்டத்தை விரும்பவில்லை? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைச் சாசனத்தில் எழுத முடியாது, ஆனால் அதுதான் உங்களுக்கு மிகவும் உதவும்.

முதல் பகுதி, ஏன். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். பிரச்சினையை எழுதச் சொன்னால் தீர்வை எழுதிவிடுகிறார்கள். எடுத்துக்காட்டாக, "எங்களிடம் விடுப்பு மேலாண்மை மென்பொருள் இல்லை" என்பது பிரச்சினை இல்லை. வாங்க விரும்பும் பொருளின் பெயரைப் பிரச்சினை போலச் சொல்வது. உண்மையான பிரச்சினை, விண்ணப்பித்தவருக்கு ஒரு வாரமாகியும் பதில் கிடைக்காதது, மாத இறுதியில் விடுப்புக் கணக்கும் சம்பளக் கணக்கும் ஒத்துப்போகாதது. தீர்வைப் பிரச்சினையாக எழுதினால் வேறு வழிகள் எல்லாம் அந்த வரியிலேயே அடைபட்டுவிடும். ஒருவேளை ஒப்புதல் தரும் படிகளை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைத்தாலே போதுமானதாக இருக்கலாம். மென்பொருளே தேவைப்படாமல் போகலாம்.

இன்னொன்று, பிரச்சினைக்கு ஓர் எண் வேண்டும். 'மிகுந்த காலதாமதம்' என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள், யாரும் பொருட்படுத்தவும் மாட்டார்கள். 'சராசரியாக 6 வேலைநாள்' என்றால் நிதித்துறைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார், எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்பார். அந்தக் கேள்வி வருவது நல்லது. எண் உங்களிடம் இல்லையென்றால், போன மாதத்து விண்ணப்பங்களில் முப்பதை எடுத்துக் கையாலேயே எண்ணிப் பாருங்கள். அது ஆராய்ச்சித் தரத்தில் இருக்கத் தேவையில்லை. எப்படி எண்ணினீர்கள் என்று சொல்ல முடிந்தால் போதும். 'ஏன் இப்போது' என்பதற்கும் ஒரு வாக்கியம் ஒதுக்குங்கள். பல ஆண்டுகளாக இருக்கும் தொல்லையை இந்த ஆண்டு ஏன் தீர்க்கிறோம் என்பது தெரியாவிட்டால், அடுத்த நெருக்கடி வந்ததும் முதலில் தள்ளிப்போடப்படும் திட்டம் உங்களுடையதாகத்தான் இருக்கும்.

இலக்கு எழுதுவதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த மாதிரி ஒரு மேடைப் பேச்சில் இருக்கிறது. 1961 மே 25 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் கென்னடி வைத்த இலக்கு: இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மனிதனை நிலவில் இறக்கி, பத்திரமாகப் பூமிக்குத் திருப்பிக் கொண்டுவருவது. இது அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது, ஆனால் பெரும்பாலும் அதன் துணிச்சலுக்காக. நான் பார்ப்பது அதன் கட்டமைப்பை. காலக்கெடு இருக்கிறது. முடிந்ததா இல்லையா என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. 'பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவது' என்ற பின்பாதி, வேலையின் அளவையே பல மடங்காக்குகிறது. அதை எழுதாமல் விட்டிருந்தால் அது வேறு திட்டம். எல்லாவற்றையும்விட முக்கியம், எப்படிப் போவது என்பது அதில் இல்லை. நிலவைச் சுற்றும் பாதையில் ஒரு கலத்தை நிறுத்திவிட்டு வேறொரு சிறு கலத்தில் இறங்குவது என்ற வழியை நாசா தேர்ந்தெடுத்தது அடுத்த ஆண்டுதான், அதுவும் கடும் விவாதத்துக்குப் பிறகு. இலக்கில் வழிமுறையைப் பூட்டியிருந்தால் அந்த விவாதத்துக்கே இடமிருந்திருக்காது.

உங்கள் திட்டம் நிலவுக்குப் போகவில்லை என்றாலும் அதே சோதனைகளை வைக்கலாம். 'விடுப்பு நடைமுறையை நவீனப்படுத்துதல்' என்பதில் முடிவு எங்கே? நவீனமாகிவிட்டது என்று யார் எப்போது சொல்வார்கள்? முடிவுக்கான அடையாளத்தை இலக்கோடு கலக்காமல் தனி வரியாக எழுதுவது என் வழக்கம். இலக்கு, நாம் விரும்பும் விளைவு. அடையாளம், குழு கலையலாம் என்பதற்கான சான்று. அதை உறுதிசெய்ய ஒருவர் வேண்டும். அந்த நபரின் பதவி எழுதப்படாவிட்டால் திட்டம் முடியவே முடியாது, சிறு சிறு வேலைகளாக வால் நீண்டுகொண்டே போகும்.

எது உள்ளே, எது வெளியே. 'உள்ளே' பட்டியலை எல்லோரும் எழுதுகிறார்கள். சாசனத்தில் உண்மையான வேலையைச் செய்வது 'வெளியே' பட்டியல். அதில் அபத்தமானவற்றைப் போட்டு நிரப்பாதீர்கள். விடுப்பு மென்பொருள் திட்டத்தில் 'கட்டடப் பராமரிப்பு வெளியே' என்று எழுதி யாருக்கும் பயனில்லை. நியாயமாக எதிர்பார்க்கக்கூடியதும், சிலர் ஏற்கெனவே மனதில் எண்ணிக்கொண்டிருப்பதும், ஆனால் நீங்கள் செய்யப்போவதில்லை என்பதும்தான் அங்கே வரவேண்டும். வருகைப் பதிவும் இதோடு வந்துவிடும் என்று ஒரு துறைத்தலைவர் நினைத்துக்கொண்டிருப்பார். அதை 'வெளியே' என்று எழுதினால் சாசனத்தைப் படிக்கும் அன்றே சண்டை வரும். வரட்டும். அந்தச் சண்டை முதல் வாரத்தில் நடந்தால் ஒரு கூட்டத்தோடு போகும். ஆறாம் மாதத்தில் நடந்தால் திட்டத்தையே கொண்டுபோய்விடும். வரைவைச் சுற்றுக்கு விட்ட பிறகும் 'வெளியே' பட்டியலைப் பற்றி ஒருவரும் முனகவில்லை என்றால், யாரும் படிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பேசுவேன்.

இந்தப் பகுதியில் தமிழில் எழுதுபவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய சொற்கள் உண்டு. 'போன்றவை', 'முதலியன', 'உள்ளிட்ட' மூன்றும் கதவைத் திறந்து வைப்பவை. 'விண்ணப்பம், ஒப்புதல் போன்றவை' என்று எழுதினால் அந்தப் 'போன்றவை'க்குள் எதை வேண்டுமானாலும் நுழைக்கலாம். பட்டியலை முடிக்கத் தெரியாதபோதுதான் கை தானாக அந்தச் சொல்லுக்குப் போகிறது. அடுத்து, 'படும்' என்று முடியும் வினைகள். 'பயிற்சி அளிக்கப்படும்', 'தரவுகள் சரிபார்க்கப்படும்', 'உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்படும்'. அலுவலகத் தமிழ் இவற்றில்தான் நீந்துகிறது, காரணம் செய்பவர் பெயரைச் சொல்லாமல் தப்பிக்கலாம். வரைவு முடிந்ததும் 'படும்' என்று தேடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் 'யாரால்?' என்று கேளுங்கள். பதில் தெரிந்தால் வாக்கியத்தைத் திருப்பி எழுதுங்கள்: "மனிதவளத் துறை மேலாளர்களுக்குப் பயிற்சி அளிக்கும்." பதில் தெரியவில்லை என்றால், எழுத்துநடை என்ற போர்வைக்குள் ஒளிந்திருந்த ஒரு தீராத கேள்வியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். 'உரிய', 'தகுந்த', 'சிறப்பான', 'விரைவான' ஆகியவற்றையும் இதே வேகத்தில் வெளியேற்றலாம்.

பணமும் தேதியும். சாசனம் எழுதும் நேரத்தில் யாருக்கும் சரியான தொகை தெரியாது, தெரிந்ததாகப் பாவிக்கவும் கூடாது. பிஎம்பாக் ஆறாம் பதிப்பு, தொடக்க நிலையின் உத்தேச மதிப்பீட்டுக்கு கீழ்ப்பக்கம் 25 விழுக்காடு, மேல்பக்கம் 75 விழுக்காடு வரை விலகல் இருக்கலாம் என்கிறது. இந்தச் சமனின்மையே ஒரு பாடம்: நாம் தவறுவது பெரும்பாலும் ஒரே திசையில்தான். ஆகவே ஒற்றை எண்ணை எழுதாமல் வீச்சாக எழுதுங்கள். எப்போது அதைக் குறுக்குவீர்கள் என்பதையும் சேர்த்துவிடுங்கள். ஒற்றை எண் ஒரு முறை காகிதத்தில் ஏறினால் இறங்காது. சிட்னி ஓபரா ஹவுஸின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஆஸ்திரேலிய டாலர் கணக்கில் 70 லட்சம் என்று தொடக்கத்தில் மதிப்பிட்டார்கள், 1973-இல் திறந்தபோது 10.2 கோடி ஆகியிருந்தது. வடிவமைப்பு முழுதாக முடியும் முன்பே 1959-இல் கட்டுமானம் தொடங்கியது என்ற தகவல் அந்த எண்களைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது. வரைபடம் முடியாத ஒன்றுக்குத் தொகை சொன்னால் அது மதிப்பீடு ஆகாது. கட்டடம் உலகப் புகழ் பெற்றுவிட்டதால் மன்னிக்கப்பட்டது. உங்கள் திட்டத்துக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

தேதிகளில் மூன்று நான்கு மைல்கல் போதும். வாரவாரியான அட்டவணையைச் சாசனத்தில் வைத்தால் இரண்டாம் வாரத்திலேயே ஆவணம் பொய்யாகிவிடும்.

இப்போது நான் மிக முக்கியமாகக் கருதும் பகுதி: அதிகாரம். ஆவணத்தின் நோக்கமே இதுதான் என்று மேலே பார்த்தோம். ஆனால் கைக்கு வரும் சாசனங்களில் பெரும்பாலும் காணாமல்போவதும் இதுதான். 'திட்ட மேலாளர்: இன்னார்' என்று ஒரு வரி இருக்கும். அவர் என்ன செய்யலாம் என்பது இருக்காது. வேறு துறை ஊழியரை வாரத்துக்கு எத்தனை நாள் கேட்டு வாங்கலாம்? எவ்வளவு வரை யாரையும் கேட்காமல் செலவிடலாம்? காலக்கெடு எத்தனை நாள் நழுவினால் ஸ்பான்சரிடம் போக வேண்டும்? இரண்டு துறைகள் ஒத்துக்கொள்ளாவிட்டால் யார் தீர்ப்பவர், எத்தனை நாளில்? பிரின்ஸ்2 முறையில் இதற்கு நல்ல ஏற்பாடு ஒன்று இருக்கிறது. நேரம், செலவு, எல்லை ஆகியவற்றுக்கு அனுமதிக்கப்பட்ட விலகல் அளவை முன்கூட்டியே வகுத்துவிடுவார்கள். அதற்குள் இருக்கும்வரை மேலாளர் தன் விருப்பப்படி நடத்துவார், தாண்டப்போகிறது என்று தெரிந்த உடனே மேலே தெரிவிப்பார். நீங்கள் அந்த முறையைப் பின்பற்றாவிட்டாலும் இந்த ஒன்றைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதை எழுதத் தயங்குவதற்குக் காரணம் புரிகிறது. தனக்கு இன்ன அதிகாரம் வேண்டும் என்று தானே எழுதிக்கொள்வது பலருக்குக் கூச்சமாக இருக்கிறது. அதனால்தான் சாசனத்தை ஸ்பான்சரின் பெயரில், அவர் பேசுவது போல எழுதச் சொல்கிறேன். வரைவை நீங்கள் எழுதலாம், நடைமுறையில் பெரும்பாலும் திட்ட மேலாளர்தான் எழுதுகிறார். வெளியிடுபவர் ஸ்பான்சராக இருக்க வேண்டும்.

இடர்களுக்கு நீளமான அட்டவணை வேண்டாம். அது தனி ஆவணம். சாசனத்தில் மூன்று போதும், ஆனால் அந்த மூன்றும் இந்தத் திட்டத்துக்கே உரியவையாக இருக்க வேண்டும். 'வளப் பற்றாக்குறை', 'எதிர்பாராத தாமதம்' இரண்டும் உலகின் எல்லாத் திட்டங்களுக்கும் பொருந்தும், ஆகவே ஒன்றுக்கும் பொருந்தாது. உளவியலாளர் கேரி கிளைன் 2007-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய ஒரு பயிற்சி இதற்கு நன்றாக உதவும்: திட்டம் ஏற்கெனவே படுதோல்வி அடைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று ஒவ்வொருவரும் தனியாக எழுதித் தருவது. 'என்ன தவறு நேரலாம்?' என்று கேட்டால் மரியாதையாகப் பேசுபவர்கள், 'ஏன் தோற்றோம்?' என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். அனுமானங்களும் அப்படியே, பொய்யானால் திட்டமே ஆட்டம் காணும் ஒன்றிரண்டை மட்டும் எழுதுங்கள்.

இத்தனையும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி. நிறுவனமும் எண்களும் கற்பனை.

திட்டம்: விடுப்பு விண்ணப்பங்களை மென்பொருளுக்கு மாற்றுதல்

ஏன், ஏன் இப்போது: 600 ஊழியர்களின் விடுப்பு விண்ணப்பங்கள் காகிதத்திலும் மின்னஞ்சலிலும் வருகின்றன. விடை கிடைக்கச் சராசரியாக 6 வேலைநாள் ஆகிறது (கடந்த மாதத்தின் 30 விண்ணப்பங்களிலிருந்து கணக்கிட்டது). விடுப்புக் கணக்கைச் சம்பளப் பட்டியலோடு ஒத்துப்பார்க்க மாதந்தோறும் இருவருக்கு 4 நாள் போகிறது. இப்போதைய முறையை நிதியாண்டு முடிவுக்குள் கைவிடும்படி உள்தணிக்கைக் குழு கேட்டிருக்கிறது.

இலக்கு: விண்ணப்பத்துக்கு 2 வேலைநாளுக்குள் விடை, மாதாந்தர ஒத்துப்பார்ப்பு அரை நாளுக்குள்.

முடிந்ததற்கு அடையாளம்: நிதியாண்டின் கடைசி இரண்டு மாதச் சம்பளப் பட்டியல்கள் ஒரு காகித விண்ணப்பம்கூட இல்லாமல் தயாராகி, நிதித்துறைத் தலைவர் அதை எழுத்தில் உறுதிசெய்வது.

உள்ளே: விண்ணப்பம், ஒப்புதல், மீதமுள்ள விடுப்பின் கணக்கு, சம்பள மென்பொருளுக்குத் தகவல் அனுப்புதல், மேலாளர்களுக்குப் பயிற்சி.

வெளியே: வருகைப் பதிவு, மிகைநேரக் கணக்கு, விடுப்பு விதிகளில் மாற்றம், ஒப்பந்தத் தொழிலாளர்கள், மூன்றாண்டுக்கு முந்தைய பதிவுகள்.

உழைப்பு: உள் ஊழியர்கள் 150 முதல் 260 ஆள்-நாள். மென்பொருளைத் தேர்ந்தெடுத்த இரண்டு வாரத்தில் திட்ட மேலாளர் இதைக் குறுக்கித் தருவார்.

மைல்கற்கள்: மென்பொருள் தேர்வு, 2-ஆம் மாத இறுதி. ஒரு துறையில் சோதனை, 5-ஆம் மாதம். எல்லாத் துறைகளிலும், 8-ஆம் மாதம்.

அதிகாரம்: திட்ட மேலாளர் ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒருவரை வாரத்துக்கு ஒரு நாள் பெறலாம். மொத்த ஒதுக்கீட்டில் 10 விழுக்காடு வரை தானே முடிவு செய்து செலவிடலாம். எந்த மைல்கல்லும் 10 வேலைநாளுக்கு மேல் நழுவும் என்று தெரிந்தால் இரண்டு நாளுக்குள் எனக்குத் தெரிவிப்பார். துறைகளுக்கு இடையிலான கருத்துவேறுபாட்டை நான் ஐந்து நாளுக்குள் தீர்ப்பேன்.

இடர்கள்: சம்பள மென்பொருள் வெளித் தகவலை ஏற்காமல் போகலாம், 1-ஆம் மாதத்திலேயே தகவல் தொழில்நுட்பத் துறை சோதிக்கும். மேலாளர்கள் மின்னஞ்சலிலேயே ஒப்புதல் தருவதைத் தொடரலாம். 8-ஆம் மாதத்துக்குப் பிறகு மின்னஞ்சல் ஒப்புதலைச் சம்பளப் பிரிவு ஏற்காது. எட்டுத் துறைகளின் விடுப்புப் பதிவேடுகள் ஒன்றுக்கொன்று முரண்படலாம். 3-ஆம் மாதத்துக்குள் துறைத்தலைவர்கள் சரிபார்த்துக் கையெழுத்திடுவார்கள்.

அனுமானம்: விடுப்பு விதிகள் இந்த நிதியாண்டில் மாறாது.

ஒப்புதல்: ஸ்பான்சர், மனிதவளத் துறைத் தலைவர். கையெழுத்து, தேதி.

(பணத்தொகையை இங்கே விட்டிருக்கிறேன். உங்களுடையதில் அது எண்ணாகவே வரவேண்டும், அதுவும் வீச்சாக.)

அதிகாரப் பகுதியில் 'நான்' என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்பான்சர் தன் வாயால் சொல்வதாக எழுதினால், கையெழுத்திடும் முன் அவர் நிச்சயமாகப் படிப்பார். 'ஐந்து நாளுக்குள் தீர்ப்பேன்' என்பதை ஏழாக மாற்றச் சொல்வார். மிக நல்லது, அவர் அந்த வாக்குறுதியை உண்மையாக எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். பக்க எண்ணிக்கையைப் பற்றி இன்னொரு சொல்: ஒரு பக்கம் என்பது விதி இல்லை. டொயோட்டாவில் பிரச்சினை தீர்க்கும் அறிக்கையை ஒரே ஒரு ஏ3 தாளில் அடக்கும் பழக்கம் இருக்கிறது. ஏ3 என்பது ஏ4 போல இரு மடங்கு. பெரிய கட்டுமானத் திட்டத்துக்கு மூன்று பக்கம் ஆகலாம். எழுத்தின் அளவைச் சிறிதாக்கியும் ஓரங்களைக் குறுக்கியும் ஒரு பக்கத்தில் திணிப்பதைவிட இரண்டு பக்கம் மேல்.

யார் கையெழுத்திட வேண்டும் என்று கேட்டீர்கள். ஸ்பான்சர் ஒருவர். ஆட்களைத் தரப்போகும் துறைத்தலைவர்களிடம் 'படித்தேன், இன்னாரை இத்தனை நாள் தருவேன்' என்ற அளவில் ஒப்புதல் வாங்கலாம். பதினைந்து கையெழுத்து வாங்கும் அலுவலகங்கள் உண்டு. அங்கே ஒவ்வொருவரும் மற்ற பதினான்கு பேரும் படித்திருப்பார்கள் என்று நம்பிக் கையெழுத்திடுகிறார்கள். மின்னஞ்சலில் அனுப்பிக் கருத்து கேட்பதைவிட, எல்லோரையும் ஒரு மணி நேரம் உட்காரவைத்து வரி வரியாக வாய்விட்டுப் படிப்பது சிறந்தது. மௌனமாகப் படிக்கும்போது நழுவிப்போகும் மங்கலான வாக்கியம், உரக்கப் படிக்கும்போது காதில் இடறும்.

கையெழுத்தான பிறகு சாசனத்தைப் பூட்டிவைக்கலாமா? இலக்கு, எல்லை, அதிகாரம், ஸ்பான்சர் இந்த நான்கில் ஒன்று மாறினால் புதிய பதிப்பு, புதிய கையெழுத்து. மற்ற மாற்றங்களைத் திட்ட ஆவணங்கள் பார்த்துக்கொள்ளும். குறிப்பாக ஸ்பான்சர் மாறும்போது இதைத் தவறவிடாதீர்கள். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. வழக்குக் கோப்புகளுக்காக உருவாக்கிய 'வெர்ச்சுவல் கேஸ் ஃபைல்' மென்பொருள் சுமார் 17 கோடி டாலர் செலவுக்குப் பிறகு 2005-இல் கைவிடப்பட்டது. அந்நாட்டு நீதித்துறையின் தணிக்கை சொன்ன காரணங்களில், சரியாக வரையறுக்கப்படாமல் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே இருந்த தேவைகளும், நிர்வாகத்தில் தொடர்ச்சி இல்லாததும் இருந்தன. இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை. புதிதாக வரும் ஒவ்வொருவரும் தான் ஒப்புக்கொள்ளாத ஓர் இலக்கைப் பெறுகிறார், அதைத் தன் விருப்பத்துக்குத் திருத்துகிறார். புதிய ஸ்பான்சர் வந்த முதல் வாரத்திலேயே சாசனத்தை எடுத்துக்கொண்டு போய், 'இது இன்னும் சரியா?' என்று கேட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

நாங்கள் அஜைல் முறையில் (வேலையைச் சில வாரச் சுற்றுகளாகப் பிரித்து, போகப்போகத் திருத்திக்கொண்டு) வேலை செய்கிறோம், எங்களுக்கு எதற்குச் சாசனம் என்று உங்கள் குழுவில் யாராவது கேட்கலாம். தேவைகள் போகப்போக மாறலாம் என்பதை ஏற்கிறேன். யார் பணம் தருகிறார், எதற்காக, எப்போது நிறுத்துவது என்பவை ஸ்பிரிண்ட் எனப்படும் அந்தச் சுற்றுக்குச் சுற்று மாறக்கூடியவை இல்லை. அப்படிப்பட்ட குழுவுக்கு 'உள்ளே' பட்டியலைத் தளர்வாக வையுங்கள், 'வெளியே' பட்டியலையும் அதிகாரத்தையும் இறுக்கமாகவே வையுங்கள்.

கடைசியாக, ஸ்பான்சர் 'படிக்க நேரமில்லை, நீங்களே தொடங்குங்கள்' என்று சொன்னால் என்ன செய்வது? நடக்கக்கூடியதுதான். அப்போது முழு ஆவணத்தையும் அவர் மேசைக்கு அனுப்பிக் காத்திருக்காதீர்கள். இலக்கு, 'வெளியே' பட்டியல், அதிகாரம் மூன்றை மட்டும் பத்து வரி மின்னஞ்சலாக எழுதி, "வெள்ளிக்கிழமை வரை மாற்றம் எதுவும் நீங்கள் சொல்லாவிட்டால் திங்கட்கிழமை இதன்படி துறைத்தலைவர்களிடம் ஆட்களைக் கேட்பேன், நகல் அவர்களுக்கும் போகிறது" என்று முடியுங்கள். தன் பெயரில் மற்ற துறைகளிடம் ஆள் கேட்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் பெரும்பாலான ஸ்பான்சர்களுக்கு நேரம் கிடைத்துவிடுகிறது. அதற்கும் பதில் வரவில்லை என்றால் துறைத்தலைவர்களிடம் போகும் முன் இன்னொரு முறை நேரில் கேளுங்கள். அப்போதும் நழுவினால் இந்தத் திட்டத்துக்கு ஸ்பான்சர் இல்லை. அதை உங்கள் மேலதிகாரியிடம் எழுத்தில் தெரிவித்துவிட்டு, வேறு ஸ்பான்சர் கிடைக்கும்வரை ஆட்களை எடுக்காமல் நிறுத்திவையுங்கள்.